எந்த அணி, எந்த அரங்கு? ரொறன்ரோ விளையாட்டு பற்றி வாசகர் கேள்வி–பதில்

ரொறன்ரோவின் தொழில்முறை அணிகள், அவை ஆடும் அரங்குகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

லீஃப்ஸ், மார்லீஸ், ராப்டர்ஸ், ஜேஸ், ஆர்கோஸ், எப்.சி. என்று செய்தியில் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எது எந்த விளையாட்டு, எங்கே ஆடுகிறார்கள்? – மார்க்கம் வாசகர்

அணிப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இடங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். நகர மையத்தில் மூன்றே இடங்கள்தான்.

முதலாவது ஸ்கோஷியாபாங்க் அரினா. யூனியன் நிலையத்தின் தெற்குப் பக்கத்தோடு ஒட்டியே இருக்கிறது. மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணிக்கும் ராப்டர்ஸ் கூடைப்பந்து அணிக்கும் இதுவே வீடு. 1999இல் திறந்தபோது ஏர் கனடா சென்ரர் என்று பெயர். 2018 ஜூலையிலிருந்துதான் இப்போதைய பெயர். பழைய ஆட்கள் இன்னும் "ஏர் கனடா" என்றால் இதைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது சி.என். கோபுரத்தின் அடியில் உள்ள ரொஜர்ஸ் சென்ரர். புளூ ஜேஸ் பேஸ்போல் அணி அங்கே. 2005 வரை ஸ்கைடோம்.

மூன்றாவது, ஏரிக்கரையோரமாக மேற்கே போனால் வரும் எக்ஸிபிஷன் பிளேஸ். இங்கே இரண்டு அரங்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. திறந்தவெளி அரங்கு பி.எம்.ஓ. பீல்ட்: ரொறன்ரோ எப்.சி. உதைபந்தாட்ட அணி, ஆர்கோநட்ஸ் (சுருக்கமாக ஆர்கோஸ்) கனடியன் புட்போல் அணி; பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. கூரை உள்ளது கொக்கா-கோலா கொலிசியம்: லீஃப்ஸின் இரண்டாம் நிலை அணியான மார்லீஸ், பெண்கள் ஹொக்கி அணியான செப்டர்ஸ், பெண்கள் கூடைப்பந்து அணியான டெம்போ. வாகனத்தில் போகிறவர்கள் இரண்டில் எது என்று சீட்டில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். ஒரே வளாகம் என்றாலும் நடை கொஞ்சம் இருக்கிறது.

நகரின் வடக்கே யோர்க் பல்கலைக்கழக வளாகத்தில் யோர்க் லயன்ஸ் ஸ்டேடியம் இருக்கிறது. 2025இல் தொடங்கிய பெண்கள் உதைபந்தாட்ட லீக்கின் ஏ.எப்.சி. ரொறன்ரோ அங்கே ஆடுகிறது. பயனியர் வில்லேஜ் சப்வே நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.

ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். நால்வரும் முதல்முறையாக ஒரு ஆட்டம் பார்க்கப் போகிறோம். எதற்குப் போகலாம்? லீஃப்ஸ் சீட்டு விலையைப் பார்த்துத் திகைத்துவிட்டோம். – ஸ்காபரோ வாசகி

கோடை என்றால் புளூ ஜேஸ், ஞாயிறு மதிய ஆட்டம். குளிர்காலம் என்றால் மார்லீஸ். லீஃப்ஸை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் உறுதியான ஆலோசனை.

ஏன் பேஸ்போல் என்றால், பிள்ளைகள் எழும்பி நடக்கலாம். ஹொக்கியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது இருக்கைக்குப் போகவோ திரும்பவோ விடமாட்டார்கள். விசில் ஊதும்வரை படிக்கட்டு வாசலில் நிறுத்திவைப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை கழிவறை கேட்டால் அந்தச் சில நிமிடங்களே பெரும்பாடு. பேஸ்போலில் ஒவ்வொரு அரை இன்னிங்ஸ் முடிவிலும் இடைவெளி வரும். 2023இல் பந்து எறிபவருக்கு நேரக் கட்டுப்பாடு வந்தபின் ஆட்டம் பெரும்பாலும் இரண்டரை மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. சில ஞாயிறுகளில் ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை மைதானத்தில் இறக்கி, ஆடுகளத்தின் மூலைகளிலுள்ள பேஸ்களைச் சுற்றி ஓடவிடுவார்கள். எந்த ஞாயிறு என்பதை அணியின் நாட்காட்டியில் பார்த்துச் சீட்டு வாங்குங்கள்.

இருக்கை விடயத்தில் ஒன்று முக்கியம். கூரை திறந்திருக்கும் மதிய ஆட்டத்தில் மூன்றாம் பேஸ் பக்கம் எடுங்கள். அது மேற்குப் பக்கம். பிற்பகல் வெயில் முதுகுக்குப் பின்னே போய்விடும், நிழல் அங்கேதான் முதலில் விழும். முதலாம் பேஸ் பக்கமும் வலது வெளிக்களப் பக்கமும் வெயிலை நேருக்கு நேர் வாங்கும். மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து அண்ணாந்தால் கோபுரம் முழுவதும் தெரியும். புளூ ஜேஸ் வீரர்கள் அமரும் இடமும் அந்தப் பக்கமே. ஆனால் அங்கே இருந்தால் அவர்களின் முகம் தெரியாது, எதிரணியின் முகம்தான் தெரியும்.

"அவுட்பீல்ட் டிஸ்ரிக்ட்" என்ற பெயரில் குறைந்த விலைச் சீட்டு ஒன்று விற்கிறார்கள். அதை வாங்கிவிட்டு இருக்கை எங்கே என்று தேடுகிற குடும்பங்கள் உண்டு. அது நின்று பார்க்கும் சீட்டு, குறித்த இருக்கை கிடையாது. இளைஞர் கூட்டத்துக்கு அருமை; சின்னப் பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் நிற்க முடியாது.

மார்லீஸ் ஆடும் கொலிசியம் 1921இல் கட்டியது. சுமார் 8,000 பேர் கொள்ளும். எங்கே இருந்தாலும் பனித்தளம் கிட்டத்தில்தான். லீஃப்ஸுக்கு நாளை ஏறப்போகிற பையன்கள் ஆடுவது. வேகத்துக்கும் மோதலுக்கும் குறைவில்லை. 2018இல் இந்த அணி தன் லீக்கின் கால்டர் கிண்ணத்தை வென்றது. ஹொக்கியில் கோல் விழுந்தால் ஊதும் சங்கொலி காதைப் பிளக்கும். ஐந்து வயதுக்காரருக்குக் காதுமூடி ஒன்று எடுத்துப் போங்கள். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் வேண்டும், உள்ளே குளிரும்.

இலக்கணப்படி "லீவ்ஸ்" என்றுதானே வரவேண்டும்? ஏன் லீஃப்ஸ்? – பிக்கரிங் மாணவி

1927இல் கான் ஸ்மைத் அணியை வாங்கியபின் வைத்த பெயர் இது. மேப்பிள் இலை என்பது முதலாம் உலகப் போரில் கனடியப் படையினர் அணிந்த சின்னம். அது ஒரு தனிப் பெயராகவே கருதப்பட்டது. தனிப் பெயருக்குப் பன்மை சேர்க்கும்போது சொல்லின் உள்ளே மாற்றுவதில்லை. அதனால் லீஃப்ஸ். பள்ளியில் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தினால் இந்தக் காரணத்தைச் சொல்லலாம்.

லீஃப்ஸ் 1967க்குப் பிறகு கிண்ணமே வெல்லவில்லை என்கிறார்கள். பிறகு ஏன் சீட்டு இந்த விலை? – ஏஜாக்ஸ் வாசகர்

உண்மைதான். லீக்கின் பட்டமான ஸ்ரான்லி கிண்ணம் 13 முறை. கடைசி 1967 மே மாதம், மொன்றியலை வென்றது. அப்போது லீக்கில் இருந்தவை ஆறே அணிகள். அடுத்த பருவத்திலேயே பன்னிரண்டாயின, இன்று 32. ஆகவே அன்றைய வெற்றியையும் இன்றைய வறட்சியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அப்படியிருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேலான காத்திருப்பு இந்த நகரத்துக்குப் பெரிய வலிதான்.

விலைக்குக் காரணம் வேறு. பருவச் சீட்டுகள் பல ஆண்டுகளாகக் குடும்பங்களிடமும் நிறுவனங்களிடமும் இருக்கின்றன, யாரும் கைவிடுவதில்லை. ஹொக்கிக்கு அரங்கு கொள்வது சுமார் 18,800 பேர். அதில் பொதுமக்களுக்கு வெளியே வருவது கொஞ்சம். அதையும் மறுவிற்பனையில்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். கட்டாயம் லீஃப்ஸையே பார்க்கவேண்டும் என்றால் செப்ரெம்பர் பிற்பகுதியில் நடக்கும் முன்பருவ ஆட்டங்களைத் தேடுங்கள். அடுத்தபடி, வாரநாளில் தூரத்து அணியோடு நடக்கும் ஆட்டம். சனி இரவு, அதிலும் மொன்றியல் அணி வருகிற சனி இரவு, பக்கமே போகவேண்டாம்.

ஒரே அரங்கில் முதல் நாள் ஹொக்கி, அடுத்த நாள் கூடைப்பந்து. பனியை உருக்கிவிட்டு மறுபடி உறையவைக்கிறார்களா? – பிராம்ப்டன் வாசகர்

உருக்குவதில்லை. ராப்டர்ஸ் ஓடுகிற மரத்தளத்துக்கு அடியில் பனி அப்படியே இருக்கிறது. இந்த அரங்கில் நடக்கும் வேலைகளில் மிக அழகானது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கீழே கொங்கிரீட் தளம். அதற்குள் குழாய்கள். குழாய்களில் உறையாத குளிர்திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். தளத்தின்மேல் தண்ணீரை மெல்லிய படலமாகத் தெளித்து உறையவிடுவார்கள். இரண்டொரு படலம் ஆனதும் வெள்ளை நிறம் பூசுவார்கள். பூசாவிட்டால் கொங்கிரீட்டின் சாம்பல் நிறம் தெரியும், கறுப்பு நிறப் பக் (ஹொக்கி வட்டு) கண்ணுக்குத் துலங்காது. பிறகு கோடுகள், சின்னங்கள், அவற்றின்மேல் மீண்டும் படலம் படலமாகத் தண்ணீர். மொத்தத் தடிப்பு ஏறக்குறைய ஓர் அங்குலம்தான். ஒரேயடியாகத் தண்ணீரை ஊற்றி உறையவைத்தால் காற்றுக் குமிழிகள் சிக்கி, பனி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஆட்டத்தின் இடைவேளையில் பனியைச் சீராக்கும் சம்பொனி வண்டி வெந்நீர் விடுவதும் அதே காரணத்துக்காகத்தான்: வெந்நீரில் கரைந்த காற்று குறைவு, சறுக்கு வெட்டுகளின் விளிம்பை உருக்கி இறுகப் பிடிக்கும்.

ஹொக்கி முடிந்ததும் மாற்றும் குழு இறங்கும். முதலில் சுற்றுக் கண்ணாடிகளைக் கழற்றுவார்கள். பனியின்மேல் வெப்பம் கடத்தாத பலகைகளை இடைவெளியின்றி அடுக்குவார்கள். அதன்மேல் மேப்பிள் மரத் தளம். அது ஒரே துண்டல்ல. ஏறக்குறைய நான்கடிக்கு எட்டடி அளவில் இருநூறுக்கு மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, வரிசை தவறாமல் பூட்டவேண்டும். ஒரு துண்டு சற்றே தூக்கி நின்றாலும் அந்த வரிசையைக் கழற்றித் திரும்பப் போடுவார்கள், ஏனென்றால் பந்து அந்த இடத்தில் செத்துப்போகும், கால் இடறும். பனித்தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். கூடைப்பந்துத் தளம் 94க்கு 50 அடிதான். மீதி இடத்தில் பனியின்மேலேயே கூடுதல் இருக்கைகள் ஏறும். அதனால்தான் அதே கட்டடத்தில் கூடைப்பந்துக்கு 19,800 பேர் அமர முடிகிறது. மதியம் ஒன்று, இரவு மற்றது என்று வரும் நாட்களில் இவ்வளவும் சில மணி நேரத்துக்குள் முடிந்தாகவேண்டும்.

பிழைப்பது பெரும்பாலும் ஈரத்தால். வெளியே வெப்பமும் ஈரப்பதமும் ஏறும் மே, ஜூன் மாதங்களில், பொருட்கள் ஏற்றும் பெரிய கதவுகள் திறந்திருந்தால் ஈரக் காற்று உள்ளே புகும். அடியில் பனி, மேலே குளிர்ந்த மரம். காற்றிலுள்ள ஈரம் தளத்தில் நீர்த்துளியாக இறங்கும். பார்வைக்குத் தெரியாத அந்த ஈரமே வீரரின் முழங்காலை முறிக்கப் போதும். அதனால்தான் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் இடைவிடாமல் ஓடும், ஆட்டத்தின் நடுவிலும் துடைப்பம் ஏந்திய பிள்ளைகள் ஓடிவந்து துடைப்பார்கள். அடுத்தமுறை அவர்களைக் கவனியுங்கள்.

மழை என்றால் புளூ ஜேஸ் ஆட்டம் நின்றுவிடுமா? அந்தக் கூரை எப்படித் திறக்கிறது? – ஸ்ரூவ்வில் வாசகர்

நிற்காது. மழைக்காகவே கட்டியது அந்தக் கூரை.

1982 நவம்பரில் கனடியன் புட்போலின் கிரே கிண்ண இறுதியாட்டம் பழைய எக்ஸிபிஷன் ஸ்டேடியத்தில் நடந்தது. ஆர்கோநட்ஸும் எட்மன்ரனும். கொட்டும் குளிர்மழையில் ஆயிரக்கணக்கானோர் நனைந்து விறைத்தார்கள். கூரையுள்ள அரங்கு வேண்டும் என்று கூட்டமே குரல் எழுப்பியது. அந்தக் கோபத்தில் பிறந்த திட்டமே 1989 ஜூன் 3 அன்று திறந்த ஸ்கைடோம். திறப்பு விழா இரவில் விழாவுக்காகக் கூரையைத் திறந்தார்கள். மழை பெய்து எல்லோரும் நனைந்தார்கள்.

கூரை நான்கு துண்டுகள். வடக்கு முனையில் இருப்பது அசையாது. நடுவிலுள்ள இரண்டு வளைவுகளும் தண்டவாளத்தில் நேராக வழுக்கிப் பின்னால் போகும். தெற்கு முனைத் துண்டு அரைவட்டமாகச் சுழன்று போய் மற்றவற்றின்கீழ் அடங்கும். எடை சுமார் 11,000 தொன். திறக்கவோ மூடவோ ஏறக்குறைய 20 நிமிடம். முழுதாக மோட்டாரில் இயங்கும் இத்தகைய கூரை உலகில் முதலில் வந்தது இங்கேதான். கட்டடக் கலைஞர் ராட் ரொபி, பொறியியலாளர் மைக்கல் அலன் இருவரின் வடிவமைப்பு அது.

மைதானத்தில் மழையே இல்லாமல் ஆட்டம் தள்ளிப்போன நாளும் உண்டு. 2018 ஏப்ரல் 16, பனிப்புயலுக்குப் பிறகு சி.என். கோபுரத்திலிருந்து விழுந்த பனிக்கட்டி மூடியிருந்த கூரையைத் துளைத்தது. கன்சாஸ் சிற்றியுடனான ஆட்டம் அன்று நடக்கவில்லை. இது அபூர்வம்தான். ஆனால் ஏப்ரலில் கோபுரத்தின் அடியில் தடுப்புக் கயிறு கட்டி வழியை அடைத்திருந்தால் முணுமுணுக்காமல் சுற்றிப் போங்கள். மேலிருந்து விழுவது சின்னத் துண்டல்ல.

கூரை திறந்திருக்குமா என்பது வானிலையைப் பார்த்து அன்றன்றுதான் தெரியும். ஏப்ரலில் மூடியே இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலை மாலைகளில் திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு மாற்றம், பழைய நினைவோடு போகிறவர்களுக்கு: 2023, 2024 பருவங்களுக்கு முன்னால் இரண்டு கட்டமாக உட்புறத்தை இடித்துக் கட்டியிருக்கிறார்கள். முன்பு கீழ்த்தட்டு இருக்கைகள் புட்போலுக்கும் பேஸ்போலுக்கும் பொதுவாக இருந்ததால் கழுத்தைத் திருப்பியே பார்க்கவேண்டும். இப்போது அவை பந்து எறியும் இடத்தை நோக்கித் திரும்பியிருக்கின்றன. இருக்கைகள் 40,000க்குச் சற்றுக் குறைந்துவிட்டன. பார்வை எவ்வளவோ மேல். நடுக்களத்துக்குப் பின்னே தெரியும் சன்னல்கள் விடுதி அறைகள். 348 அறைகளில் 70 அறைகளுக்கு மைதானம் தெரியும்.

ஸ்காபரோவிலிருந்து வாகனம் இல்லாமல் போய்வரச் சிறந்த வழி எது? இரவு திரும்ப முடியுமா? – மூன்று வாசகர்கள்

நகர மையத்தின் மூன்று இடங்களுக்கும் திறவுகோல் யூனியன் நிலையம்.

சப்வே வழி: கெனடி நிலையத்தில் இரண்டாம் தடம், புளோர்–யங் வரை, அங்கே மாறி ஒன்றாம் தடத்தில் தெற்கே யூனியன். ஸ்காபரோ ரவுன் சென்ரர் பக்கத்தவர்கள் கெனடி வரை பஸ்ஸில்தான் போகவேண்டும்; அந்தப் பழைய மூன்றாம் தட ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டபின் திரும்ப ஓடவில்லை. அதற்கு இருபது நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் சப்வேயின் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கு மூடும் பழக்கம் உண்டு. கிளம்புமுன் சப்வேயையும் பஸ்ஸையும் நடத்தும் ரி.ரி.சி.யின் அறிவிப்பைப் பாருங்கள், ஆட்டத்தின் தொடக்கத்தைத் தவறவிடுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

கோ (புறநகர்) ரயில் வழி: வாகனம் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே நல்லது. அஜின்கோர்ட், மில்லிக்கன், யூனியன்வில், அல்லது ஏரிக்கரைத் தடத்தில் கில்ட்வுட், ரூஜ் ஹில். இந்த நிலையங்களில் வாகனத்தை இலவசமாக நிறுத்தலாம். நகர மையத்தில் கொடுக்கும் தரிப்பிடக் காசு மிச்சம். வார இறுதி, விடுமுறை நாட்களில் நாள் முழுவதும் போய்வர 10 டொலர் சீட்டை இணையத்தில் வாங்கலாம். 12 வயது வரையான பிள்ளைகளுக்கு ரி.ரி.சி.யிலும் கோ ரயிலிலும் கட்டணம் இல்லை. 2024 பெப்ரவரியிலிருந்து கோ பயணத்தோடு சேரும் ரி.ரி.சி. பயணத்துக்குத் தனிக் கட்டணமும் இல்லை, ஆனால் இரண்டிலும் ஒரே அட்டையைத் தட்டவேண்டும். வழக்கமான தவறு: ப்ரெஸ்ரோ அட்டையை கோ ரயிலில் ஏறும்போது தட்டிவிட்டு இறங்கும்போது தட்ட மறப்பது. ரி.ரி.சி.யில் இறங்கும்போது தட்டவேண்டியதில்லை என்பதால் பழக்கதோஷம். கோ ரயிலில் மறந்தால் கூடுதல் கட்டணம் பிடித்துவிடும்.

யூனியனில் இறங்கியபின் ஸ்கோஷியாபாங்க் அரினாவுக்கு வெளியே வரவே தேவையில்லை, உள்வழியாகவே போகலாம். ரொஜர்ஸ் சென்ரருக்கு "ஸ்கைவோக்" என்ற மூடிய நடைவழி, பத்து நிமிடம். பி.எம்.ஓ. பீல்டுக்கும் கொலிசியத்துக்கும் ஏரிக்கரை மேற்குத் தடத்தில் ஒரே நிறுத்தம், எக்ஸிபிஷன் நிலையம். 509ஆம் இலக்க ஸ்ரீட்காரும் யூனியனிலிருந்து போகிறது, மெதுவாகத்தான் போகும்.

திரும்பும்போது எல்லோரும் யூனியனுக்கே பாய்வார்கள். ரொஜர்ஸ் சென்ரரிலிருந்து வருகிறவர்கள் வடக்கே செயின்ற் அன்ட்ரூ நிலையத்துக்கு நடந்துவிட்டால் நெரிசல் பாதி. எக்ஸிபிஷனிலிருந்து கிழக்கே வரும் கோ ரயில்கள் பல, யூனியனில் நின்றுவிட்டு அப்படியே ஸ்காபரோ பக்கம் தொடரும். இறங்கி மாறுமுன் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

மகன் கைத்தொலைபேசியில் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினான். வாசலில் அது வேலை செய்யவில்லை. பிழை எங்கே? – மிசிசாகா வாசகர்

அந்தப் படத்தில்தான். இப்போதைய சீட்டின் கோடுகள் சில வினாடிக்கொருமுறை மாறிக்கொண்டே இருக்கும். படம் பிடித்த கணத்தில் இருந்த கோடு வாசலுக்கு வருவதற்குள் செல்லாமல் போய்விடும். மகன் தன் கணக்கிலிருந்து உங்கள் மின்னஞ்சலுக்குச் சீட்டை "மாற்றிக்" கொடுக்கவேண்டும். நீங்கள் அந்தச் செயலியில் கணக்குத் திறந்து, வந்த சீட்டை ஏற்கவேண்டும். லீஃப்ஸ், ராப்டர்ஸ் என்றால் ரிக்கெற்மாஸ்டர். புளூ ஜேஸ் என்றால் எம்.எல்.பி. போல்பார்க் செயலி. இதை வீட்டிலேயே, முதல் நாளே செய்துவிடுங்கள். பிறகு தொலைபேசியின் "வொலெற்" செயலியில் சேமித்துவையுங்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே வாசலில் நின்று இணையத்தை இழுக்கும்போது செயலி திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சேமித்த சீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. நால்வர் சீட்டும் ஒரே தொலைபேசியில் இருந்தால் நால்வரும் சேர்ந்தே நுழையவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

அறிமுகமில்லாதவர் சமூக ஊடகத்தில் விற்கும் சீட்டு வேண்டவே வேண்டாம். கடித உறையில் பணம் வாங்கிக்கொண்டு படத்தை அனுப்பினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தீர்கள்.

உதைபந்தாட்டமும் கனடியன் புட்போலும் ஒரே புல்லில் எப்படி? – நோர்த் யோர்க் வாசகர்

சிரமத்தோடுதான். பி.எம்.ஓ. பீல்ட் 2007இல் ரொறன்ரோ எப்.சி.க்காகத் திறந்தது. 2016இல் ஆர்கோநட்ஸ் வந்து சேர்ந்தார்கள். கனடியன் புட்போல் களம் அமெரிக்கக் களத்தைவிடப் பெரியது: 110 யார்ட் நீளம், இரண்டு முனையிலும் தலா 20 யார்ட் கோல் பகுதி. இந்த அரங்கில் அவ்வளவு இடம் இல்லாததால் முனைப் பகுதிகளை 18 யார்டாகக் குறைத்தார்கள். 2027இலிருந்து களத்தை 100 யார்டாகவும் முனைகளை 15 யார்டாகவும் சுருக்க லீக்கே முடிவெடுத்திருப்பதால் அந்த நெருக்கடி தீரும். பழைய இரசிகர்களுக்கு அந்த முடிவில் மனத்தாங்கல் உண்டு, நியாயமான மனத்தாங்கல்தான்.

புல் 2010 வரை செயற்கை. பிறகு இயற்கை. 2019இல் இயற்கைப் புல்லோடு செயற்கை இழைகளைத் தைத்த கலப்புத் தளம் போட்டார்கள். நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆட்கள் ஒரே இடத்தில் காலூன்றித் தள்ளும்போது வெறும் புல் வேரோடு பெயர்ந்துவிடும். இழைகள் வேருக்குப் பிடிமானம். எப்.சி. 2017இல் அந்த ஆண்டின் மூன்று பட்டங்களையும் வென்றபோது இறுதியாட்டம் இதே களத்தில்தான், சியாற்றிலை 2–0. 2026 உலகக் கிண்ணத்தின் ஆறு ஆட்டங்கள் இங்கே ஒதுக்கப்பட்டு, தற்காலிக இருக்கைகளோடு கொள்ளளவு சுமார் 45,000 ஆக உயர்த்தப்பட்டது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: ஏரிக்காற்று. ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் வீட்டு வாசலில் இருக்கும் குளிரைவிட அங்கே நன்றாகவே கூடுதலாகத் தெரியும். தொப்பியும் கையுறையும் கட்டாயம்.

பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் இப்போது பலசரக்குக் கடை என்பது உண்மையா? – ஓஷவா வாசகர்

உண்மை. கார்ல்டன், சேர்ச் வீதிகளின் மூலையில் அதே மஞ்சள் செங்கல் கட்டடம். 1931இல், பொருளாதார மந்தத்தின் நடுவில், ஐந்தரை மாதத்துக்குள் கட்டி முடித்தார்கள். தொழிலாளர் சம்பளத்தின் ஒரு பங்கைப் பணமாக அல்லாமல் நிறுவனப் பங்காகவே பெற்றுக்கொண்டார்கள். 1999 பெப்ரவரியில் லீஃப்ஸ் அங்கிருந்து வெளியேறியது. 2011இல் கீழ்த்தளத்தில் லொப்ளோஸ் கடை திறந்தது. 25ஆம் வரிசையில் தரையில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. பழைய பனித்தளத்தின் மையம் அது. மேலே, அதே பழைய கூரையின் அடியில், பல்கலைக்கழகத்தின் பனித்தளம் இன்றும் இயங்குகிறது. கொலிஜ் நிலையத்திலிருந்து கிட்டத்தில்தான். சீட்டு வாங்காமல் பார்க்கக்கூடிய வரலாறு. ஒருமுறை போய்ப் புள்ளியின்மேல் நில்லுங்கள்.

மகள் ஹொக்கி பழகுகிறாள். பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டிப்போக விருப்பம். – வோன் வாசகி

கட்டாயம் கூட்டிப்போங்கள். பெண்களுக்கான தொழில்முறை லீக்கின் முதலாவது ஆட்டம் 2024 ஜனவரி 1 அன்று நடந்ததே மேலே சொன்ன பழைய கார்டன்ஸில்தான். நியூயோர்க் 4–0 என்று வென்றது. அங்கே இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் இடம். சீட்டு கிடைக்காமல் தவித்தவர்கள் அதிகம். அடுத்த மாதமே ஓர் ஆட்டத்தை ஸ்கோஷியாபாங்க் அரினாவுக்கு மாற்றினார்கள், 19,285 பேர் வந்து நிரப்பினார்கள். அதன்பின் அணி கொலிசியத்துக்குக் குடிபெயர்ந்தது. செப்டர்ஸ் என்ற பெயரும் வந்தது. ஆட்டத்துக்கு முன் நடக்கும் பயிற்சிச் சுற்றுக்கே போய்ச் சேருங்கள். கண்ணாடியோரம் நிற்கும் சிறுமிகளை வீராங்கனைகள் கவனிக்கும் நேரம் அது. பழகுகிற பிள்ளைக்கு உயரத்து மூலை இருக்கை நல்லது: யார் எந்த இடத்துக்கு நகர்கிறார்கள் என்ற கோலம் அங்கிருந்துதான் விளங்கும்.

கிரிக்கெற்றுக்கு இங்கே ஒன்றுமே இல்லையா? – ஸ்காபரோ வாசகர்

தனக்கென்று அரங்கு வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் ஆடும் தொழில்முறை அணி என்று பார்த்தால், இல்லை. ஆனால் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய சஹாரா கிண்ணம் 1996 முதல் 1998 வரை மூன்று ஆண்டுகள் இங்கே நடந்தது. ரொறன்ரோ கிரிக்கெற், ஸ்கேற்றிங், கேர்லிங் கழகத்தின் மைதானத்தில். முதல் ஆண்டு பாகிஸ்தான் 3–2. 1997இல் இந்தியா 4–1. 1998இல் மீண்டும் பாகிஸ்தான் 4–1. 1997 தொடரில் சௌரவ் கங்குலி ஓர் ஆட்டத்தில் 16 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெற் எடுத்தார். 1999இல் கார்கில் போருக்குப் பின் இரு அணிகளும் இங்கே மோதவில்லை. பின்னர் வடக்கே கிங் சிற்றியிலுள்ள மேப்பிள் லீஃப் கிரிக்கெற் கழக மைதானம் சர்வதேச ஆட்டங்களையும், 2018இல் குளோபல் ரி20 தொடரையும் நடத்தியது. கோடை வார இறுதியில் சன்னிபுரூக் பூங்கா போன்ற இடங்களில் கழக ஆட்டங்களைச் சும்மாவே பார்க்கலாம். நாற்காலியும் தண்ணீரும் நீங்கள்தான் கொண்டுபோகவேண்டும்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. ராப்டர்ஸ் பார்க்க ஆசைப்படுகிறார். – மார்க்கம் வாசகி

சாதாரண இருக்கை வாங்கிவிட்டு வாசலில் மாற்றிக் கேட்கலாம் என்று நினைக்கவேண்டாம். நிரம்பிய நாளில் மாற்ற இடம் இராது. சீட்டு வாங்கும் பக்கத்தில் சக்கர நாற்காலிக் குறியுள்ள இடங்களைத் தெரிவுசெய்து, துணைக்கு வருபவரின் இருக்கையையும் அதோடு சேர்த்தே எடுங்கள். யூனியன் நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறது, அங்கிருந்து அரினாவுக்கு உள்வழி. நீங்கள் ஏறும் நிலையத்தில் மின்தூக்கி அன்று வேலை செய்கிறதா என்பதை ரி.ரி.சி. தளத்தில் காலையிலேயே பார்த்துவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் வடிய இருபது நிமிடம் இருக்கையிலேயே இருங்கள். மின்தூக்கி வரிசை அதற்குள் குறைந்துவிடும்.